மந்திரிக்கு ஒரு வழி

ராஜபாளையம்
5.1.2025

அன்புள்ள செல்விக்கு,

என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். தபால்காரரை என்ன செய்வாய், பார்ப்போம்.

நீ உன் அம்மா வீட்டுக்குப் போனபிறகு நான் சும்மா இருக்கவில்லை. செஸ்ஸில் நீ எப்போதும் ராணிக்கு முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளித்தான் ஆரம்பிப்பாய். கொஞ்ச நேரத்தில் என் கதை முடிந்துவிடும். இப்போது அதற்கு ஒரு தடுப்பு பழகியிருக்கிறேன். என் ராணிச் சிப்பாயை எதிரே நிறுத்தி, ராஜாவின் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி முட்டுக்கொடுப்பேன். கோட்டைச் சுவர்! வீட்டுக்கு வந்து உடைத்துப் பாரேன்.

பதிலை மில் விலாசத்துக்குப் போடு. வீட்டுக்கு வந்தால் அம்மா பிரித்துவிடுவாள்.

உன்
அழகுராஜா

ஸ்ரீவில்லிபுத்தூர்
12.1.2025

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன், அது வேறு விஷயம். எந்தப் புண்ணியவான் இதைச் சொல்லிக்கொடுத்தது? அந்தச் சிப்பாயை நகர்த்தினால் பின்னால் குறுக்காகப் போகிற உங்கள் மந்திரி ஒருவன் அடைபட்டுப் போவானே! உங்கள் வீட்டில் யார் அடைபட்டாலும் உங்களுக்குத் தெரியாது.

அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது என்று போன் வந்த அன்று, அத்தை கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மில்லிலிருந்து வந்த நீங்கள் வெளியே நின்று என்ன சொன்னீர்கள்? "செத்த நேரம் பொறு, அம்மா வந்துருவா." இங்கே அப்பா, "ஏட்டி, செல்வி வந்துட்டாளா?" என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். நான் வருவதற்குள் பேச்சு நின்றுபோனது. இன்னும் வரவில்லை.

மாரிச்செல்வி

ராஜபாளையம்
20.1.2025

என் செல்விக்கு,

படித்த பிறகு சோறு இறங்கவில்லை. நான் என்ன செய்ய, அம்மாவை உனக்குத் தெரியாதா?

மில்லில் என்னோடு வேலை பார்க்கும் பீர் முகமது வேறு தடுப்பு சொன்னார். ராஜாவின் சிப்பாயைத் தொடாமல், ராணிக்கு அந்தப் பக்கம் நிற்கும் சிப்பாயால் முட்டுக்கொடுக்க வேண்டுமாம். "மொதல்ல மந்திரிய வெளிய விடுங்க, பொறவு கதவச் சாத்துங்க" என்றார். சுவரும் உறுதி, யாரும் மாட்டுவதில்லை. பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டுமா?

கேட் சாவிக்கு இன்னொன்று அடித்துவிட்டேன். இந்தக் கவரில் இருக்கிறது. உன் பைக்குள் வைத்துக்கொள், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். வந்துவிடு செல்வி. வீடு வீடாகவே இல்லை.

உன்
அழகுராஜா

ஸ்ரீவில்லிபுத்தூர்
27.1.2025

அன்புள்ள மச்சானுக்கு,

எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தடுப்பு நன்றாக இருக்கிறது. அந்த அண்ணனுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

ஆனால் ஒளித்து வைக்கிற சாவி எனக்கு எதற்கு? என் வீட்டுக்குள் நான் திருடி மாதிரி போய்வர வேண்டுமா? திருப்பி அனுப்புகிறேன், வேண்டுமென்றே வீட்டு விலாசத்துக்கு. அத்தை பார்க்க இதைப் போட்டுக் கேட்டைத் திறங்கள். "அவ இனி நெனச்சப்ப போவா, வருவா" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு இங்கே வாருங்கள். அன்றைக்கே உங்களோடு கிளம்பிவிடுகிறேன். கோபம் இருக்கிறது, ஆனாலும் பஸ் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறேன்.

செல்வி

ராஜபாளையம்
3.2.2025

அன்புள்ள செல்விக்கு,

கவர் தடிப்பாக இருந்ததால் அம்மா பிரித்துவிட்டாள். "ஏலே, இது ஆரு அடிச்ச சாவி?" என்று கேட்டாள். நான் வாயே திறக்கவில்லை. கடிதத்தை மட்டும் என்னிடம் தந்தாள். இப்போது இரண்டு சாவியும் அவள் இடுப்பில்தான் இருக்கின்றன.

மற்றபடி நலம். மாமாவுக்குப் பேச்சு வந்ததா? பீர் முகமது சொன்னபடியே மந்திரியை வெளியே எடுத்துவிட்டேன். இனி நீ எந்தக் காயை நகர்த்துகிறாய் என்று எழுது.

மில் விலாசத்துக்கே போடு.

உன்
அழகுராஜா