மணிக்குப் பத்து அங்குலம்

1934 பிப்ரவரி 6, செவ்வாய்

வெயில் இப்போதே சுள்ளென்று. புளி, மிளகாய் வற்றல் தீர்ந்துவிட்டது. வாங்கிவர மாமியார் மாடவீதிக்கு.

இவருக்குச் சனிக்கிழமை காலேஜ் சயன்ஸ் சங்கத்தில் பேச்சு. மின்சாரம் ஓடும் கம்பிக்குள் எலெக்ட்ரான் என்ன வேகத்தில் நகர்கிறது என்று. பிசிக்ஸ் டிமான்ஸ்டிரேட்டர்தான், கணக்குதான் ஆகாது. "நீ போட்டுக் குடு. ஜூலையில உன்னை ஆனர்ஸ் படிக்கச் சேத்துவிடறேன்." கல்யாணத்தின்போதும் இதையேதான் சொன்னார். இண்டர் பரீட்சையில் நான் முதல் வகுப்பு. இப்போது அரிசி களைகிறேன்.

பிப். 8, வியாழன்

போட்டாயிற்று. செம்புக் கம்பி, ஒரு சதுர மி.மீ. மின்சாரம் ஒரு ஆம்பியர். எலெக்ட்ரான்கள் உள்ளே கோடானுகோடி என்பதால் ஒவ்வொன்றும் ஊர்ந்தாலே போதும். மணிக்குப் பத்து அங்குலம்! சந்தோஷமாக இருந்தது.

இவர் சிரித்தார். "பட்டனைத் தட்டினா உடனே லைட் எரியறதே, மண்டு!"

குழாய் நிறையத் தண்ணீர் நிற்கிறது, திறந்தவுடன் கொட்டுகிறது, அப்படித்தான் என்றேன். காதிலேயே வாங்கவில்லை.

பிப். 10, சனி

நான் பெண்கள் பெஞ்சில். மகானுபாவர் மேடையில். "வினாடிக்குப் பத்து அங்குலம்" என்றார். என்னைக் கேட்காமலே மாற்றியிருக்கிறார்!

புரொபஸர் கண்ணாடியைக் கழற்றினார். "அவ்வளவு எப்படி வரும்?"

"கணக்கு என் ஒய்ஃப் போட்டது, சார்" என்று இவர் வழிந்தார். "பொம்மனாட்டி கணக்கு."

ஹாலே சிரித்தது. எழுந்தேன். "நான் எழுதிக் குடுத்தது மணிக்குப் பத்து அங்குலம், சார்."

புரொபஸர் போர்டில் போட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா சொல்றதுதான் சரி" என்றார். பிறகு போர்டைத் துடைத்துவிட்டு இவரிடம், "திங்கட்கிழமை என் வகுப்புல இதை நீரே படிப்படியாப் போட்டுக் காட்டணும்."

டிராமில் திரும்பினோம். இறங்கியதும், "ஆனர்ஸ் கீனர்ஸ்னு இனிமே வாயைத் திறந்தே, பாரு!" இந்த மனுஷனுக்கு இனி ஒரு கணக்கும் போட்டுக் கொடுப்பதில்லை.

பிப். 11, ஞாயிறு

ரசத்தில் உப்பில்லை என்றார். இருந்தது. மத்தியானம் முழுக்க ஏதோ கிறுக்கிக் கிறுக்கிக் கிழித்தார். சாயங்காலம் பென்சிலும் கையுமாகச் சமையலறை வாசலில்.

"அந்தக் கணக்கை ஒரு தரம் சொல்லிக் குடேன்."

"மொதல்ல ஆனர்ஸ் மனுவுல கையெழுத்துப் போடுங்கோ."

"நாளைக்குப் போடறேன்."

"அப்போ கணக்கும் நாளைக்குத்தான்."

கூடத்தில் உலாத்திக்கொண்டிருக்கிறார். உலாத்தட்டும். மணிக்குப் பத்து அங்குலமாக நகர்ந்தாலும் இங்கேதான் வந்தாக வேண்டும்.