மூன்று ஊர்த் துணி, ஒரே வண்டி

அன்புள்ள பழனியம்மாள் அக்காவிற்கு,

உன் தம்பி ஜெயபாண்டி, நெருப்பெரிச்சலிலிருந்து எழுதுகிறேன். உன் மகன் முனீஸின் மூன்று வழக்குகள் குறித்து இன்று நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைத் தெரிவிப்பதே இக்கடிதத்தின் நோக்கம். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுகிறாய். ஆகவே நிதானமாகப் படி.

வண்டியில் ஏன் சாவியை விட்டான் என்று இன்னமும் கேட்கிறாய். துணிக்குச் சுருக்கம் எடுக்கும் மில் வாசலில் வண்டிகள் வரிசையில் நிற்கும். பின்னால் வருபவர் நகர்த்திக்கொள்ளட்டும் என்று எல்லா ஓட்டுநரும் சாவியை விட்டுச் செல்வது இங்கே வழக்கம். அவனும் அப்படியே விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனான். எவனோ வண்டியை ஓட்டிச் சென்றுவிட்டான்.

அதில் இருந்தது நெருப்பெரிச்சல், காங்கேயம், தாராபுரம் முதலாளிகளின் துணி. முனீஸே விற்றுவிட்டான் என்று மூவரும் அவரவர் ஊரில் புகார் கொடுக்க, மூன்று நீதிமன்றங்களில் மூன்று வழக்குகள்.

வேறொருவன் ஓட்டிப் போனதைப் பார்த்தவர் மில் காவலாளி ரஞ்சன் மட்டுமே. ஒடிசாவுக்குத் திரும்பிவிட்ட அவர், “ஒரு டைம் வரும் சார், மூணு டைம் லீவு கெடைக்காது” என்று சொல்லிவிட்டார். மூன்றையும் சேர்த்து விசாரிக்கக் கோருவதே ஒரே வழி. முனீஸோ மனுவில் கையெழுத்திட மறுத்தான். “மூணையும் ஒண்ணாச் சேத்தா நான் பெரிய களவாணியால்ல மாமா தெரிவேன்” என்றான். தனித்தனியாக நின்றால் மூன்று முறை களவாணி ஆவாய் என்றேன். கையெழுத்திட்டான்.

இன்று காலை காங்கேயத்து முதலாளி ஆத்தப்பன் நீதிமன்ற வராந்தாவில் நம் வக்கீல் வேல்விழியை மடக்கி, “ஏனுங்க, மூணு பேரு துணி போயிருக்குதுங்க, ஒரே கேசுல எப்படிங்க அடங்கும்?” என்று கேட்டார். “துணிதானுங்க மூணு பேர்த்துது. போனது ஒரே வண்டிதானுங்களே” என்றார் வேல்விழி. உள்ளே அதையே சட்டமொழியில் வாதிட்டார். நீதிபதி ஏற்றுக்கொண்டார். இனி ஒரே நீதிமன்றம், ஒரே விசாரணை.

இது விடுதலை அன்று. உத்தரவில் இல்லாததை நீயாக எண்ணிக்கொள்ளாதே. ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு இன்று மதியம் முனீஸ் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, அக்கா.

ரஞ்சனுக்கு முறைப்படி அழைப்பாணை போகும். அதுவரை காத்திருப்பதே ஒழுங்கு என்பதை நான் அறிவேன். ஆயினும் என் வேலையிடத்தில் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளை ஒடிசாவுக்கு ரயிலேறி, விசாரணை நாளுக்குள் அவரை என் பக்கத்து இருக்கையிலேயே உட்காரவைத்து அழைத்து வருவேன்.

உன் தம்பி,
ஜெயபாண்டி