பத்துக்குக் கீழே

மார்ச் 3, திங்கள்

இருபத்திரண்டு.

டாக்டரம்மா அந்த எண்ணைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தார். என் கல்லீரலில் இருக்கும் கொழுப்பின் சதவீதம். "பத்துக்குக் கீழ வந்தாதான் உங்க கல்லீரல்ல பாதிய எடுத்து தம்பிக்கு வைக்க முடியும். ஏழு வாரம் தர்றேன். அதுக்கு மேல அவரு தாங்க மாட்டாரு."

எண்ணெய், சர்க்கரை, மாவு, வெளிச்சாப்பாடு எதுவும் கூடாது. அவித்த காய், முட்டையின் வெள்ளை, அளந்து வைத்த பழம், காலையும் மாலையும் நடை. வேறு யாருடைய ரத்தமும் அவனுக்குப் பொருந்தவில்லை. நான் ஒருத்திதான்.

அலுவலகத்தில் சொல்லப் போவதில்லை. யாராவது அன்பாக, "எதுக்கும்மா இந்த வேலை? உனக்கும் ஒரு பொண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டால் போதும். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

மார்ச் 7, வெள்ளி

முதல் வெள்ளிக்கிழமையே மண்ணைக் கவ்வினேன்.

நாங்கள் ஆறு பேர். மருந்துப் பெட்டியிலும் புட்டியிலும் ஒட்டும் லேபிளில் பிழை பார்ப்பது எங்கள் வேலை. ஒருவர் மூலத்தைப் புள்ளி, கமா விடாமல் சத்தமாக வாசிப்பார். இன்னொருவர் அச்சுத்தாளில் ஸ்கேல் வைத்து வரி வரியாக இறங்குவார். வாரத்தின் பெரிய பிழையைப் பிடித்தவர்தான் வெள்ளிக்கிழமை மதியம் ஹோட்டலில் ஆறு பேருக்கும் சாப்பாடு சொல்லுவார். அவர் சொன்னதை எல்லாரும் சாப்பிட வேண்டும். தட்டில் மீதி வைத்தால் அடுத்த வாரம் முழுவதும் வாசிப்பு அவர் தலையில். இப்படி ஒரு சட்டத்தைப் போட்டது எங்கள் பிரிவுத் தலைவர். எட்டு வருடமாக நானும் சிரித்துக்கொண்டே தட்டைத் துடைத்து வைத்தவள்தான்.

இன்று பிழை பிடித்தது தலைவரே. வறுத்த கோழி, மலை போல.

"வயிறு சரியில்ல சார்."

"காலைல பன்னெண்டு லேபிள் பார்த்தப்போ நல்லாத்தானே இருந்துச்சு உன் வயிறு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான்கு துண்டு சாப்பிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

பல்வலி என்று சொல்லிப் பார்த்தேன். ஐயோ பாவம் என்று எனக்கு மட்டும் தனியாக ஐஸ்கிரீம் வரவழைத்தார்கள். கடிக்கவே வேண்டாமாம். அன்பால் ஆளைக் கொல்வது என்றால் இதுதான் போலிருக்கிறது.

பாதியை, எதிரில் இருந்த பூதக்கண்ணாடியின் கிண்ணத்தில் தள்ளிவிட்டேன். பூதக்கண்ணாடி என்பது என்னோடு ஜோடியாக வாசிக்கும் அம்மா. ஐம்பத்தைந்து வயது, அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பதால் அந்தப் பெயர். ஏன், எதற்கு என்று கேட்காமல் சாப்பிட்டுவிட்டார்.

மார்ச் 18, செவ்வாய்

தம்பி வீட்டுக்குப் போனேன். கண்ணும் நகமும் மஞ்சள். உள்ளங்கையைச் சொறிந்துகொண்டே இருக்கிறான். முப்பத்தாறு வயது என்றால் யார் நம்புவார்கள்?

அவன் மனைவி என்னை வாசலிலேயே மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணி, கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கு, இல்ல?" என்றாள். இளைக்கவில்லை. புடவையை இறுக்கிக் கட்டியிருந்தேன். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

இந்த வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். காலாவதி வருடம் தப்பாக இருந்த ஒரு மாத்திரைப் பெட்டி சிக்கியது. ஜெயித்தேன்! ஆறு பேருக்கும் அவித்த காய், அவித்த மீன், எண்ணெய் கூடாது என்றேன். சர்வர் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

"ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார் தலைவர். ஒருவரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

மார்ச் 26, புதன்

பசி. மகள் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "என்னம்மா அப்படிப் பாக்குற?" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மார்ச் 31, திங்கள்

பதினாறு. பாதித் தூரம்தான். மூன்று வாரம் இருக்கிறது. "வெளிய சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா. இல்லை என்று கூசாமல் பொய் சொன்னேன். அந்த அறையிலேயே அழுகை வந்துவிட்டது. அவர் மூக்குத் துடைக்கக் காகிதம் கொடுத்தார், திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை எழுதிவிட வேண்டும்.

காலையில் குழந்தைகளுக்கான சொட்டு மருந்து லேபிள். பூதக்கண்ணாடி மூலத்தை வாசித்தார்: "பூஜ்யம் புள்ளி அஞ்சு மில்லி." என் ஸ்கேலுக்குக் கீழே வெறும் 5 என்று இருந்தது. நான் "சரி" என்றேன். பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காதில் விழுந்ததைத்தான் தாளிலும் பார்த்தேன். இரண்டாம் வாசிப்பில் தாளை மாற்றிக்கொள்வது வழக்கம். அதில் அவர் பிடித்துவிட்டார். பிடிக்காமல் போயிருந்தால்? ஏதோ ஒரு வீட்டில் ஒரு குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்து போயிருக்கும்.

முதல் வாசிப்பில் விட்டது யார் என்று அவர் தலைவரிடம் சொல்லவில்லை. இந்த வாரத்தின் பெரிய பிழை அதுதான். ஆகவே சாப்பாடு சொல்லும் முறை அவருடையது. மெனு அட்டையைத் திறக்கவே இல்லை. "அவிச்ச காய். முட்டை வெள்ளை. எண்ணெய் வேண்டாம். ஆறு பேருக்கும்."

தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கை கழுவுமிடத்தில் பூதக்கண்ணாடியை மடக்கினேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டர் வட்டம் போட்டு, எதெது கூடாதுன்னு எழுதிக் குடுத்த காயிதத்த மேசை மேல விட்டுட்டுப் போனியே, முதல் வாரமே. எதிர்ல எழுத்து இருந்தா படிச்சிடறதுதானே நம்ம பொழப்பு? நீ யார்கிட்டயும் சொல்லல, அதான் நானும் கேக்கல. இனிமே வெள்ளிக்கிழமைய நான் பாத்துக்கறேன்மா. நீ கவலைப்படாத."

நன்றி சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? கோபம் வந்தது. அந்த அம்மாவை அப்படியே பிடித்துத் தள்ளலாம் போல ஒரு கோபம்.

சாயங்காலம் நடக்கப் போகவில்லை. பேக்கரியில் ஒரு முழு கேக் வாங்கிப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து கையாலேயே தின்றேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. மேசையில்லை, சட்டமில்லை, தலைவர் இல்லை. நான்தான்.

ஏப்ரல் 5, சனி

எதுக்குக் கோபம்? எழுது. இங்கயாவது எழுது.

ஹோட்டல்ல நாலு துண்டு தின்னப்போ சந்தோஷமா இருந்துச்சு. ருசியில இல்ல. "என்னால முடியல, ஆபீஸ்ல விட மாட்டேங்கறாங்க"ன்னு சொல்லிக்கலாம்னு. பத்துக்குக் கீழ வரலன்னா டாக்டரம்மாவே வேண்டாம்னு சொல்லிடுவாங்க. நான் மாட்டேன்னு வாயத் திறந்து சொல்ல வேண்டியதில்ல. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அந்த அம்மா அந்தக் கதவ சாத்திட்டாங்க. அதுக்குத்தான் கோபம்.

எனக்கு பயமா இருக்கு. மயக்க மருந்துல போனவ எழுந்திரிக்கலன்னா என் பொண்ணுக்கு எட்டு வயசு.

அதுக்காக அவன் செத்தா பரவாயில்லன்னு நினைச்சேனா? நினைக்கல. ஆனா கேக் தின்னேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அவனிடமே போய்ச் சொல்லிவிட்டேன். கேக், கோழி, பேக்கரி, எல்லாம்.

சுவர்ப் பக்கம் படுத்திருந்தவன் என் பக்கம் புரண்டான். "நீ குடுக்கலன்னா நான் உன்னத் திட்டுவேன்னு நினைச்சியாக்கா?"

"திட்ட மாட்ட. அதான்டா பயம்."

"எனக்கும்தான் பயம். உனக்கு ஏதாச்சும் ஆயிட்டா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன் பொண்ணப் பாப்பேன்? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடு. நான் தாங்கிப்பேன். கேக்குக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்காத."

பேசியதிலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது. அங்கிருந்து வீடு வரை பஸ் ஏறாமல் நடந்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம்.

ஏப்ரல் 7, திங்கள்

கொடுக்கிறேன். யாரும் கேட்டு இல்லை. நானேதான்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஹோட்டலில் சாப்பாடு வந்ததுமே சொன்னேன். "நான் வீட்டுலேருந்து கொண்டு வந்ததத்தான் சாப்பிடுவேன். தம்பிக்குக் கல்லீரல் குடுக்கணும்." டப்பாவைத் திறந்தேன். அவித்த பீன்ஸ்.

தலைவர் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, நான் எதற்குப் பயந்தேனோ அதையே எழுத்துப் பிசகாமல் சொன்னார்: "எதுக்கும்மா இந்த வேலை? உனக்கும் ஒரு பொண்ணு இருக்கு."

"இருக்கா சார். அவளையும் மனசுல வச்சுக்கிட்டுத்தான் முடிவு பண்ணினேன்."

பூதக்கண்ணாடி என் டப்பாவிலிருந்து ஒரு பீன்ஸை எடுத்து வாயில் போட்டு, "உப்பே இல்ல" என்றார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

ஏப்ரல் 16, புதன்

தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. வயிற்றில் நீர். என்னைப் பார்த்து, நீங்க யாரு என்று கேட்டான். ரத்தத்தில் விஷம் ஏறினால் அப்படித்தான் இருக்குமாம். அவன் மனைவி என் கையை விடவே இல்லை. அந்தக் கேக் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், சாமி, இன்றைக்கே எடுத்திருப்பார்களோ?

ஏப்ரல் 21, திங்கள்

ஒன்பது.

ஏப்ரல் 27, ஞாயிறு

நாளை காலை ஆறு மணிக்கு ஆபரேஷன். மகளுக்குத் தலை பின்னிவிட்டேன். இரண்டு தடவை அவிழ்த்து மறுபடி பின்னினேன். பயம் போகவில்லை. போகும் என்று காத்திருந்தால் நடக்காது.

மே 6, செவ்வாய்

ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுத அனுமதி. இருமினால் உயிர் போகிறது. தையலை இன்னும் நான் பார்க்கவில்லை.

இன்று சக்கர நாற்காலியில் அவன் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். என்னை அவன் கவனிக்கவில்லை. நர்ஸம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். பசிக்கிறதாம். ஒன்றரை வருடமாக அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததே இல்லை. அவன் மனைவி கெஞ்சிக் கெஞ்சி ஊட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

"இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்" என்றார் நர்ஸம்மா.

"ஒரு மணி நேரமா? என்னை என்ன பட்டினி போட்டுக் கொல்லப் பாக்கறீங்களா?" என்று கத்தினான். வார்டே திரும்பிப் பார்த்தது. அவன் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் நாற்காலியை அங்கேயே நிறுத்தச் சொல்லி, அவன் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.