எட்டு இருந்த இடத்தில் பதினாறு

இன்று காலை உங்கள் மீட்டரைக் கேட்டுக்கொண்டு கண்டியிலிருந்து ஒருவர் வந்தார். நீங்கள் இருந்திருந்தால் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து, மத்தியானம் வரை அவரை எழும்பவே விட்டிருக்கமாட்டீர்கள். நான் மட்டும் இருந்ததால் காரியம் ஒரு தேநீரோடு முடிந்தது. அந்தத் தேநீருக்கும் சீனி இல்லை. கப்பலில் எதுவும் வராத காலம் இது. சீனிக்கு வரிசை, பாணுக்கு வரிசை. மோட்டார் சைக்கிள் சாமான் வேண்டும் என்றால் செத்தவர்கள் வீட்டு அலுமாரியைத் தேடித்தான் வரவேண்டும் போலிருக்கிறது.

ஆனால் உங்கள் மீட்டர் அலுமாரியில் இல்லை. அது என் வெட்டுமேசையில் கிடக்கிறது. ரவிக்கை அளவுக்கு வெட்டிய கடதாசியைத் துணிமேல் விரித்து, பறக்காமல் இருக்க அதன்மேல் மீட்டரைத் தூக்கி வைப்பேன். நல்ல கனம். உங்களிடம் இருந்த காலத்தில் அது செய்யாத வேலையை இப்போது ஒழுங்காகச் செய்கிறது. வெயில் ஏறினால் பின்பக்கத்து ஓட்டையிலிருந்து பழைய எண்ணெய் வாசம் வரும். அந்த வாசம் வந்தால் நாவுல ரோடு ஞாபகம் வரும், கூடவே உங்கள் முகம்.

அந்த மீட்டர் வீட்டுக்கு வந்த கதையை நீங்கள் ஊருக்கெல்லாம் ஒரு மாதிரி சொன்னீர்கள். நடந்தது இதுதான். ஒரு தோட்டத்துத் துரை சீமைக்கே திரும்பிவிடுவதென்று வீட்டுச் சாமான்களை விற்றார். அங்கே ஒரு தையல் மெஷின் இருக்கிறதாம், பார்த்து வாருங்கள் என்று உங்களை அனுப்பினேன். நீங்கள் போனது தையல் மெஷினுக்கு, கொண்டுவந்தது இதை. துரை எப்போதோ ரேஸ் ஓடிய பைக்கில் இருந்ததாம். இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுமாம்.

"மெஷின் என்ன ஆச்சுங்க?"

"அது துருப்புடிச்சுப் போச்சு. அதை யாரு வாங்குவா."

அந்த மெஷினை அடுத்த மாதம் கடைத்தெருவில் ஒரு வீட்டில் பார்த்தேன். ஒரு பொட்டுத் துரு இல்லை. நான் அதை உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் துருவுக்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பீர்கள்.

உங்களிடம் இருந்தது பழைய ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள். கடைகளுக்கும் தோட்டங்களுக்கும் பெயர்ப்பலகை எழுதுகிற ஆளுக்கு அது போதும். பெயிண்ட் டப்பாக்களைப் பின்னால் கட்டிக்கொண்டு போய், மூன்று மொழியிலும் எழுதிவிட்டு வருவீர்கள். உங்கள் எழுத்தைப் பற்றி நான் ஒரு குறை சொல்லமாட்டேன். அடிக்கோல் வைக்காமல் நீங்கள் இழுத்த கோட்டை அடிக்கோல் வைத்தும் யாரும் இழுத்ததில்லை. ஆனால் கையில் திறமை உள்ளவனுக்கு வாயும் தேவையில்லை, மீட்டரும் தேவையில்லை. உங்களுக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

லேத் பட்டறைக்கார பாஸிடம் பித்தளையில் ஒரு துண்டு கடைந்து வாங்கினீர்கள். இஞ்சின் மூடியில் துளை போட்டு, வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் தண்டின் முனையில் கேபிளைச் செருகி, மறு முனையில் மீட்டரை ஹாண்டில் நடுவே முறுக்கினீர்கள். அன்றிலிருந்து அந்தத் துளையில் எண்ணெய் கசிந்தது. வாசல் முழுக்க வட்டம் வட்டமாகக் கறை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தது யார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

அலுவிகாரைத் தேநீர்க் கடை வாசலில் பைக்கை நிறுத்தி, ஏறாமலே முறுக்கிக் காட்டுவீர்கள். முள் தத்தித் தத்தி ஏறும். சுற்றி நிற்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

"இது என்னங்க, ரெண்டாவது ஸ்பீட் மீட்டரா?"

"ஸ்பீட் மீட்டர் எவன்கிட்டயும் இருக்கும். இது இஞ்சினோட மனசைக் காட்டுற மீட்டர்."

கல்யாணமாகி அத்தனை நாளில் என் மனசில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டிருப்பீர்களா? இஞ்சினின் மனசுக்கு மீட்டர் வாங்கிவிட்டீர்கள்.

யாரோ கொடுத்த இங்கிலீஷ் புத்தகத்தில், ஐயாயிரம் சுற்றில்தான் இஞ்சின் முழுபலத்தோடு இழுக்கும் என்று படித்திருந்தீர்கள். அதற்குப் பிறகு ஐயாயிரம் வராமல் கியர் மாற்றுவதில்லை என்று ஒரு விரதம். அதுவரை எல்லாரையும் போலச் சத்தத்தைக் கேட்டுத்தான் மாற்றிக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பைக் ஒரு தொந்தரவும் தந்ததில்லை. முள் வந்த பிறகு காதைக் கழற்றி வைத்துவிட்டீர்கள். இஞ்சின் கத்தும், முள் இரண்டாயிரத்தைந்நூறில் நிற்கும், நீங்கள் இன்னும் முறுக்குவீர்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று சொல்வார்களே, அது இதுதான்.

எனக்குப் பைக் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பலாபத்வலயில் நான் பிறந்த வீடு அரிசி மில்லுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த மில்லுக்கும் ஒற்றைச் சிலிண்டர் இஞ்சின்தான். விடிந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் பல் விளக்குவோம், சாப்பிடுவோம், படிப்போம். அது சும்மா ஓடுகிறதா, பாரம் இழுக்கிறதா, மூச்சுத் திணறுகிறதா என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். முதல்நாளே உங்களிடம் சொன்னேன்.

"என்னங்க, அந்த முள்ளு பொய் சொல்லுது. இஞ்சின் இதைவிட ரொம்ப வேகமாச் சுத்துது."

"லண்டன்ல செஞ்ச சாமானுக்குப் பொய் சொல்லத் தெரியாது. உனக்கு என்னா தெரியும், நீ போய் அடுப்பைப் பாரு."

போய் அடுப்பைப் பார்த்தேன்.

பிறகு நாவுலயில் இருந்து அந்தச் செய்தி வந்தது. அங்கே ஒரு சிங்கள அம்மா பெண்பிள்ளைகளுக்குத் தையல் நிலையம் திறந்திருந்தார். சிங்களமும் தமிழும் பேசத் தெரிந்த ஒரு டீச்சர் வேண்டும். தைத்த உடுப்பு இரண்டை எடுத்துக்கொண்டு பத்து மணிக்குள் வரவேண்டும், பிந்தினால் அடுத்த ஆள் காத்திருக்கிறாள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு அப்போதும் தெரியாது, பிறகும் தெரியவில்லை. சொந்தமாக மெஷின் இல்லாமல், பக்கத்து வீட்டு மெஷினைக் கெஞ்சி வாங்கி அந்த இரண்டு சட்டைகளையும் தைத்தேன். நான் பஸ்ஸில் போகிறேன் என்றேன். நீங்கள் விடவில்லை.

"பஸ்ல போனா சேலை கசங்கிப் போகும். நான் ஏத்திக்கிட்டுப் போறேன். டீச்சர் வேலைக்குப் போறவ மீட்டர் போட்ட பைக்ல போய் இறங்கு."

நானும் சரி என்றேன். அதற்கு இன்றைக்கும் என்னைத்தான் நொந்துகொள்கிறேன்.

சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தேன். நாவுலக்குப் போகிற வழியில் ரோடு நேராக நீண்டு கிடந்தது. உங்களுக்குக் கை துறுதுறுத்தது. இஞ்சின் அலறத் தொடங்கியது. மில்லில் ஒருமுறை பெல்ட் அறுந்தபோது கேட்ட அதே அலறல். உங்கள் தோளைத் தட்டினேன்.

"என்னங்க, கியரை மாத்துங்க. கத்துது."

"முள்ளைப் பாரு. மூவாயிரம்தான். இன்னும் ரெண்டாயிரம் இருக்கு."

"முள்ளுக்குக் காது இல்லைங்க."

நீங்கள் சிரித்தீர்கள். சிரித்து முடிப்பதற்குள் உள்ளே ஏதோ முறிந்தது. பின் சக்கரம் இறுகி, பைக் இழுபட்டு, ரோட்டோரத்துப் புல்லில் போய் நின்றது. விழவில்லை, அதற்கு அம்மன்தான் காரணம். இஞ்சினின் வயிறு பிளந்து எண்ணெய் கொட்டியது. என் சேலைக் கரையெல்லாம் கறுப்பு.

அப்போது நீங்கள் செய்ததைத்தான் என்னால் மறக்கமுடியவில்லை. எனக்கு அடிபட்டதா என்று கேட்கவில்லை. இஞ்சினைக்கூடக் குனிந்து பார்க்கவில்லை. விரலை மடக்கி மீட்டரின் கண்ணாடியைத் தட்டினீர்கள். முள் பூச்சியத்தில் இருந்தது.

"மீட்டர் சரியாத்தான் இருக்கு" என்றீர்கள்.

எனக்கு அன்று கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் உங்களுக்கு மரியாதையாக இருந்திருக்கும். வந்தது இளக்காரம். இவ்வளவுதானா இந்த மனுஷன் என்று நின்று பார்த்தேன். பிறகு மடியில் இருந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். மரக்கறி இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிக்கொண்டிருந்த ஒரு லொறியைக் கை காட்டி நிறுத்தினேன்.

"பொறு, பிளக்கைக் கழட்டிப் பாத்துர்றேன். அஞ்சு நிமிஷம்" என்று பின்னால் இருந்து குரல் கொடுத்தீர்கள்.

லொறிக்காரர் "நகின்ன நோனா", ஏறுங்கள் அம்மா என்று சிங்களத்தில் சொல்லிக் கதவைத் திறந்தார். ஏறி உட்கார்ந்துகொண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். மறுபடியும் மீட்டரைத் தட்டிக்கொண்டிருந்தீர்கள்.

பத்துக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தேன். அந்த அம்மா என் சேலைக் கறையைப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். சிங்களத்தில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சட்டையைத் திருப்பி உள்தையலைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்தினார். வேலை எனக்குத்தான் என்றார். சாயந்தரம் பஸ்ஸில் திரும்பி வந்தேன். உங்கள் பைக் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்திருந்தது. பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டான்கள் என்று தேநீர்க் கடையில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல். எனக்கு வேலை கிடைத்ததா என்று கேட்கவே உங்களுக்கு மறுநாள் ஆனது.

இஞ்சினைத் திரும்பச் சேர்க்க வெகு மாதங்கள் பிடித்தன. சேர்த்து முடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, குசினி யன்னல் வழியாக உங்களைப் பார்த்தேன். பைக்கைச் சாய்த்து நிறுத்தி, சக்கரத்தைக் கையால் மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தீர்கள். இஞ்சின் தண்டில் சோக்குக்கட்டியால் ஒரு கோடு, மீட்டர் கேபிளில் ஒரு சோக்குக் கோடு. உதடு அசைய எண்ணினீர்கள். இஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றியது, கேபிள் ஒன்றுதான் சுற்றியது. திரும்பவும் எண்ணினீர்கள், அதே கதை. துரையின் மீட்டர் இஞ்சினின் வேகத்திலேயே சுற்றுகிற தண்டுக்காகச் செய்தது. நீங்கள் மாட்டியது பாதி வேகத்தில் சுற்றுகிற தண்டில். மூவாயிரம் என்று அது சொன்னபோதெல்லாம் இஞ்சின் ஆறாயிரத்தில் உயிரை விட்டுக்கொண்டிருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் கரண்டியை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். இப்போது எழும்பி வருவார், வந்து சொல்வார் என்று நினைத்தேன். "நீ சொன்னதுதான் சரி." அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு சொல் வேண்டாம். எழும்பி வந்தீர்கள். கை கழுவினீர்கள்.

"சோறு ஆச்சா?" என்றீர்கள்.

அடுத்த ஞாயிறு மீட்டரின் கண்ணாடியைக் கழற்றி வைத்து, ஆயிரத்துக்கு ஒன்றாக ஒன்றிலிருந்து எட்டு வரை இருந்த எண்களைச் சுரண்டினீர்கள். ஒன்று இருந்த இடத்தில் இரண்டு எழுதினீர்கள். இரண்டு இருந்த இடத்தில் நான்கு. மயிரிழைத் தூரிகை, மூச்சை அடக்கிக்கொண்டு எழுதினீர்கள். நான் தேநீர் கொண்டுவந்து வைத்தேன்.

"வெயில்ல நம்பர் மங்கிப் போச்சு. புதுசா எழுதுறேன்."

"எட்டு இருந்த இடத்துல பதினாறு எழுதுறீங்களே."

"அது அப்படித்தான்."

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. அதோடாவது விட்டீர்களா? ஒரு மாதம் போகவில்லை, "மாத்தளைல பதினாறு போட்ட மீட்டர் வேற யாருட்ட இருக்கு?" என்று தேநீர்க் கடையில் கேட்கத் தொடங்கிவிட்டீர்கள். உங்கள் தப்பையே எடுத்துத் துடைத்து மாலை போட்டு ஊர்வலம் விட்டீர்கள். ஆறாயிரத்தில் பிளந்துபோன இஞ்சினுக்குப் பதினாறாயிரம் வரை மீட்டர். அதையும் நம்ப ஆட்கள் இருந்தார்கள். மாத்தளையில் முட்டாள்களுக்கு என்றைக்கும் குறைவில்லை.

ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் எனக்குள் ஒரு சின்ன எதிர்பார்ப்பு இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நீங்கள் கையைப் பிடித்து அருகே இழுத்தீர்கள். "கியர் மாத்தத் தெரியாத பயலுக்குப் பைக்கைக் குடுத்துறாத" என்றீர்கள். அதன் பிறகு என்னிடம் வேறு ஒன்றும் பேசவில்லை. பைக்கைக் கொடுத்தேன். வாங்கியவர் மீட்டரைக் கழற்றி என் கையில் தந்துவிட்டுப் போனார். பதினாறாயிரம் என்று பொய் சொல்கிற மீட்டர் தனக்கு வேண்டாமாம்.

இன்று வந்தவருக்கு விஷயம் தெரியும். மீட்டரைத் திருப்பிப் பார்த்தார், எண்களைப் பார்த்தார்.

"இதை எதுல மாட்டியிருந்தாரு டீச்சர்? கேம்லயா? அப்ப இது பாதிதானே காட்டும்."

"அன்னைக்கே சொன்னேன், முள்ளு பொய் சொல்லுதுன்னு."

"நீங்க சொன்னதுதான் சரி டீச்சர்" என்றார், தேநீரை ஊதிக்கொண்டே.

கேட்டீர்களா? நான் இத்தனை காலம் எதிர்பார்த்த அதே வாக்கியம், 'நீ' மட்டும் 'நீங்க' ஆகியிருந்தது. யாரோ ஒருவர் ஒரு சீனியில்லாத தேநீருக்குச் சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்கு வந்த கடிதத்தைப் படித்த மாதிரி இருந்தது.

பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து, கண்ணாடி விளிம்பில் வைத்துப் பார்த்தார்.

"நான் எடுத்துக்கிறேன் டீச்சர். இந்த நம்பரையெல்லாம் சுரண்டிட்டுப் பழையபடி எட்டு வரைக்கும் எழுதிக்கிட்டா சரியாப் போயிரும்."

எழும்பிப் போய் மீட்டரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். எனக்கே தெரியாது ஏன் அவ்வளவு அவசரமாக எழும்பினேன் என்று.

"இது விக்கிறதுக்கு இல்லைங்க."

"தப்பான நம்பர்தானே டீச்சர்?"

"எங்க வண்டிக்கு அதுதான் சரி" என்றேன்.

அவர் போன பிறகு மீட்டரைக் கடதாசிமேல் வைத்துவிட்டு வெகுநேரம் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு, நான்கு, ஆறு, எட்டு. ஒன்றுகூடக் கோணவில்லை. பெருமையடித்தது வேறு கதை. ஆனால் சோக்குக் கோட்டுக்குப் பிறகு அந்த ஒரு வாரம் உங்கள் தலைக்குள் என்ன ஓடியது என்று இந்த எட்டு எண்களுக்குத்தான் தெரியும். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு, போன இடத்தில் இருக்கிறவர்களிடம் அளக்கவேண்டாம். உங்களை நான் மன்னிக்கவில்லை. அந்த எண்களை வேறு யாரும் அழிப்பதையும் விடமாட்டேன்.

நான் கேட்டது ஒரு வார்த்தை. நீங்கள் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எட்டு எண் எழுதினீர்கள். எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. வாயால் சொல்லியிருக்கலாம்.