காலடியில் விழுந்த நிழல்

சேசு மரி சூசை துணை.

பிரியமான அத்தானுக்கு,

கப்பல் இத்தாலி போனபோது ரோமாபுரி ராயப்பர் கோவில் முன்னால் நின்று எடுத்து அனுப்பிய படம் கிடைத்தது. பக்கத்து வீட்டு ஞானம்மா பார்த்துவிட்டு, "உன் வூட்டுக்காரு இன்னா சோக்கா சிரிச்சிகினு கீறாரு" என்றாள்.

நம் ராயபுரம் கோவில் வாசலில் என்னைப் படம் எடுத்தீர்கள். எடுப்பவர் முதுகில் வெயில் விழவேண்டும் என்றீர்கள். அந்தப் படத்தில் உங்கள் நிழல் என் காலடியில் கிடக்கிறது.

இந்தப் படத்தில் உங்கள் காலடியில் கவுன் போட்ட ஒருத்தியின் நிழல் கிடக்கிறது. ஜெபமாலையைக் கையில் எடுத்தாலும் மாதா முகம் வரவில்லை, அதுதான் வருகிறது.

மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன். நிழலை வெட்டினால் உங்கள் கால்களும் சேர்ந்து போய்விடும். வீட்டுக்கு நடந்து வர அவை வேண்டுமே என்று வைத்துவிட்டேன்.

இன்னும் உங்கள்,
மனைவி