அனோஜனின் திடீர் வேகம்

அன்பு அம்மாவுக்கு, முழங்கால் நோ எப்படி? நயினாதீவுப் படகில் ஏற முடிகிறதா? நான் சுகம்.

நோயாளிகளின் விபரங்களைப் பூட்டியபடியே, திறக்காமல் கணக்குச் செய்வதுதான் எங்கள் ஆராய்ச்சி. கணக்கு நீள நீளப் பிழை சேரும். அதைத் துடைக்கத்தான் அதிக நேரம் போகும். மண்டைதீவு அனோஜன், இங்குள்ள ஒரே தமிழ்ப் பெடியன், நீங்கள் அனுப்பும் ஒடியல் மாவில் பங்கு கேட்பவன், அதைத் திடீரென்று நூறு மடங்கு வேகமாக்கிவிட்டான். எனக்குச் சந்தேகம். அவனுடைய நிரலைத் தோண்டினேன். அது விபரங்களைக் களவாகத் திறப்புப் போட்டுத் திறந்து, பிழையைத் துடைத்து, மீண்டும் பூட்டுகிறது!

"அக்கா, ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ."

"ஏலாது தம்பி. சனத்தின்ரை நோய் வருத்த விபரமெல்லாம் வெளியிலை போயிடும்."

பேராசிரியரிடம் சொன்னேன். அவனை நிறுத்திவிட்டார்கள். இப்போது என் கணக்குகளையும் இரண்டுதரம் பார்க்கிறார்கள். கவலைப்படாதீர்கள்.

பனங்கிழங்கு ஒடியல் மா அனுப்புங்கள். இனி ஒருவருக்குக் காணுமளவு போதும். கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

மகள் சயந்தினி