பன்னிரண்டு பக்கம், ஒரே முகம்

பிப்ரவரி 4

கின்ஷாசாவில் மழை. லுசம்பா அம்மாவின் பீர்க்கடைக் கூரைக்கடியில் ஒண்டிக்கொண்டு ஒன்பது பேரை வரைந்தேன். குடிக்க வருகிறவன் மூக்கைக் கத்தரிக்காய் ஆக்கினால் சிரிக்கிறான். கூட வந்தவள் மூக்கை ஆக்கினால் இன்னும் சிரிக்கிறான். கேலிப்படம்தான் சோறு போடுகிறது. ஆனால் என் காமிக்ஸ்? படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் பெண், திருடு போன படகு மோட்டாரைத் தேடும் கதை. நாளை கபோங்கோ ஐயாவிடம் காட்ட வேண்டும். அவர் பத்திரிகையில் வந்துவிட்டால்— வேண்டாம், முதலில் நடக்கட்டும்.

பிப்ரவரி 5

திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஏம்மா, இது ஒரு பொண்ணா, இல்ல ஒரு குடும்பமா? பக்கத்துக்குப் பக்கம் மூஞ்சி மாறுது. துணிய வெச்சுத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறேன்."

வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டில் பக்கங்களைத் தரையில் பரப்பினால்... மனுஷன் சொன்னது சரி. மூன்றாம் பக்கத்தில் யாரோ மெக்கானிக்கின் தாடை. ஏழில் ஒரு கல்யாணப் பெண்ணின் நெற்றி. அன்றைக்கு எதிரே யார் உட்கார்ந்தார்களோ அவர்களே என் கதாநாயகி! பதினோரு வருஷமாகப் பத்து நிமிஷத்துக்கு ஒரு மூஞ்சி. அதே முகத்தை இரண்டாம் தடவை போட இந்தக் கைக்குத் தெரியவில்லை.

மார்ச் கடைசிக்குள் சரிசெய்தால் பார்ப்பாராம். இல்லையென்றால் பத்திரிகையில் எனக்கு ஒதுக்கிய இடம் வேறு ஒருவருக்கு.

பிப்ரவரி 9

அழுதேன். வேறொன்றும் செய்யவில்லை.

பிப்ரவரி 13

நான் தினமும் பார்க்கிற முகம் எது? லுசம்பா அம்மாவுடையது. அவரை மட்டும் ஒரு தடவைகூட வரைந்ததில்லை. "என் மூஞ்சில கை வெச்ச, உன் ஸ்டூல் ரோட்டுல கிடக்கும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இன்று அவர் ஆட்டுக்கறி சுட அடுப்பை விசிறும்போது திருட்டுத்தனமாக வரைந்தேன். எதையும் பெரிதாக்காமல், இருக்கிறபடி.

மார்ச் 2

குனியும்போது, திட்டும்போது, கொட்டாவி விடும்போது. நூற்று நாற்பது தடவை. கதாநாயகிக்கு முகம் கிடைத்துவிட்டது. இனி பன்னிரண்டு பக்கத்தையும் அந்த முகத்தோடு திரும்ப வரைய வேண்டும்.

மார்ச் 17

மாட்டிக்கொண்டேன். சாப்பிட இலையில் கட்டிய மரவள்ளிக்கிழங்கு குவாங்கா வாங்கிக்கொண்டு திரும்பினால், லுசம்பா அம்மா என் பையைத் திறந்து பன்னிரண்டு பக்கத்தையும் மேசைமேல் பரப்பி வைத்திருக்கிறார். போச்சு, இடமும் போச்சு சோறும் போச்சு.

"இது நான்தானே?"

"ஆமாம்மா."

"கதை எத்தன நாள் நடக்குது?"

"ஒரு... ஒம்போது நாள்."

"ஒம்போது நாளும் ஒரே துணியவா கட்டிட்டுத் திரியுறேன்? ஏண்டி, கின்ஷாசா முழுக்கச் சிரிக்காது? லுசம்பாவுக்கு மாத்துத் துணி இல்லன்னு பேச மாட்டாங்க?"

முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்த் துணிப்பெட்டியைத் திறந்தார். குருவி போட்டது, விசிறி போட்டது, அவர் தங்கை கல்யாணத்துக்கு எடுத்தது. பக்கத்துக்கு ஒன்றாம். துணி மாறினால் கபோங்கோ ஐயாவுக்கு ஆளே தெரியாதே. ஆனால் லுசம்பா அம்மாவிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வருமா?

மார்ச் 28

கபோங்கோ ஐயா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஏழாம் பக்கத்தில் நிறுத்தினார். செத்தேன்.

"ஏம்மா, டிக்கெட் கிழிக்கிற பொண்ணுக்கு இத்தன துணி ஏது?"

யார் இவள் என்று கேட்கவில்லை. பன்னிரண்டு துணியிலும் அவருக்கு ஒரே பெண்தான் தெரிந்திருக்கிறாள். அப்பாடா! "அவங்க பெட்டியில இருக்குங்க" என்று உளறினேன். ஜூன் இதழிலிருந்து மாதாமாதம் போடுகிறாராம். டாக்ஸியில் நான் அழுததைப் பார்த்து டிரைவர் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தார். கூட்டச் சொன்னேன்.

ஜூன் 11

இதழ் வந்து ஒரு வாரம். மத்தியானம் ஒருவர் தன்னை வரையச் சொல்லி என் எதிரே வந்து உட்கார்ந்தார். லுசம்பா அம்மா அடுப்படியிலிருந்தே கத்தினார்: "சனிக்கிழமை வாங்கய்யா! அவ இப்ப என்னை வரைஞ்சிட்டிருக்கா."